ஒரு வாக்கு

நுழையும்முன்

மக்களாட்சியில் தம்மைத் தேர்ந்தெடுத்தோருக்காகப் பேசுவது உறுப்பினரின் கடமை. தம் தொகுதியில் ஒருவர்கூட இல்லாத மக்களுக்காகப் பேசி, அதனால் பதவியை இழந்த ஒருவரின் வரலாறு இது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1776ஆம் ஆண்டில் தனக்கென ஓர் அரசமைப்பை இயற்றியது. அரசுப் பதவி ஏற்போர் கிறித்தவ சமயத்தில் தமக்கு நம்பிக்கை உண்டு என உறுதிமொழி கூற வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. யூதர்கள் வரி செலுத்தினர். 1814இல் பால்டிமோர் நகரைக் காக்கும் போரிலும் பங்கேற்றனர். ஆயினும், நகர மன்றத்தில் அமரவோ வழக்கறிஞராகப் பணிபுரியவோ அவர்களால் இயலவில்லை.

ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் தாமஸ் கென்னடி. அவர் 1817இல் வாஷிங்டன் மாவட்டத்திலிருந்து மாநிலச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டே இவ்விதியை நீக்கும் முன்வரைவுக்காகக் குரல் கொடுத்தார். தம் மாவட்டத்தில் யூதர் எவரும் இல்லை என்றும், யூதர் ஒருவருடனும் தமக்குப் பழக்கம் இல்லை என்றும் அவர் அவையில் கூறினார். நீதியின் பொருட்டே தாம் பேசுவதாக வாதிட்டார். எனினும், 1819இல் முன்வரைவு தோல்வியுற்றது.

கென்னடி தளரவில்லை. 1822இல் முன்வரைவு நிறைவேறியது. ஆனால், அரசமைப்பைத் திருத்த அஃது ஒருமுறை நிறைவேறினால் போதாது. அடுத்த தேர்தலுக்குப் பின் அமையும் மன்றமும் அதனை ஏற்க வேண்டும். ஆகவே, 1823ஆம் ஆண்டுத் தேர்தலில் இதுவே பெரும் பூசலாயிற்று. கென்னடியை எதிர்த்தோர் 'கிறித்தவ அணி' என்னும் பெயரில் போட்டியிட்டனர். கென்னடி தோற்றார்; திருத்தமும் வீழ்ந்தது.

அடுத்த ஆண்டே அவர் மீண்டும் வென்று மன்றம் புகுந்தார். 1825 பிப்ரவரி 26 அன்று, கூட்டத்தொடரின் இறுதி நாளில், 26 வாக்குகள் ஆதரவாகவும் 25 எதிராகவும் விழ, கீழவையில் முன்வரைவு வென்றது. 1826இல் புதிய மன்றமும் அதனை ஏற்றது. அவ்வாண்டே சாலமன் எட்டிங், ஜேக்கப் கோஹன் என்னும் யூதர் இருவர் பால்டிமோர் நகர மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

எனினும், இச்சட்டம் யூதருக்கு மட்டுமே வழிவிட்டது. கடவுள் நம்பிக்கை அற்றோர் மேரிலாந்தில் பதவி ஏற்க, 1961இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கென்னடி 1832இல் காலரா நோயால் மறைந்தார்.

சொற்பொருள்

முன்வரைவு – சட்டமாவதற்குமுன் அவையில் வைக்கப்படும் வரைவு
பூசல் – சச்சரவு
தளர்தல் – ஊக்கம் குன்றுதல்
வாக்கு – சொல். தேர்தலிலும் அவையிலும் அளிக்கப்படும் ஒப்புதல்

சிந்தித்து எழுதுக

1. 1822இல் முன்வரைவு நிறைவேறியும் சட்டமாகாதது ஏன்?
2. கென்னடி 1823இல் தோற்றதற்குக் காரணம் யாது?
3. 'வாக்கு' என்னும் சொல்லை அதன் இரு பொருள்களிலும் அமைத்துத் தனித்தனித் தொடர் எழுதுக.
4. தம்மைத் தேர்ந்தெடுத்தோரின் விருப்பமும் தம் மனச்சான்றும் முரண்படும்போது ஓர் உறுப்பினர் எதன்வழி நடத்தல் வேண்டும்? ஐந்து தொடர்களில் எழுதுக.