உப்புத் தண்ணி ஊரில் கார் கூலண்ட்: கைவசம் இருக்க வேண்டிய குறிப்புகள்

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் கார் வைத்திருக்கிற வீடுகளுக்கு வெயிலும் உப்புத் தண்ணியும் சேர்ந்து செலவு வைக்கும். பெட்ரோலைக் கணக்குப் பார்த்துப் போடுகிற நாம, ரேடியேட்டருக்குள்ள என்ன போகுதுன்னும் கொஞ்சம் கவனிச்சா பெரிய பில்லு வராம தப்பிக்கலாம். அதுக்குத்தான் இந்தக் குறிப்புகள்.

1. போர் தண்ணியை ரேடியேட்டர் பக்கமே கொண்டு போகாதீங்க. வெந்நீர் போடுற ஹீட்டர் ராடை எடுத்துப் பாருங்க, சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொருக்கு தட்டிப் போயிருக்கும். அதே பொருக்குதான் ரேடியேட்டரோட மெல்லிய குழாய்க்குள்ளயும் இன்ஜினுக்குள்ளயும் படியுது. சூடு வெளியேற வழியில்லாம போயிடும். உப்பில் இருக்கிற குளோரைடு வேற அலுமினியத்தை அரிச்சுப் பொடிப்பொடியா ஓட்டை போடும். அந்தக்கால அம்பாசடருக்குக் குழாய்த் தண்ணி ஊத்தியே ஓட்டினாங்களேன்னு பெரியவங்க சொல்வாங்க. இப்போ வர்ற கார்களில் ரேடியேட்டரும் இன்ஜின் ஹெட்டும் பெரும்பாலும் அலுமினியம்தான், அந்தக் கணக்கு இதுக்குச் சரிவராது.

2. பேட்டரிக்கு ஊத்துறதுக்குன்னு கடையில் விக்கிற டிஸ்டில்டு வாட்டர்தான் கூலண்டோட கலக்கவும் சரியான தண்ணி. வாங்கும்போது லேபிளைப் படிச்சு வாங்குங்க, பேட்டரி ஆசிட் கேனும் அதே கடையில்தான் இருக்கும். வீட்டுக்கு வர்ற கேன் தண்ணி போர் தண்ணிக்கு எவ்வளவோ மேல்தான், ஆனாலும் அதில் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும். அவசரத்துக்கு மட்டும் வச்சுக்கங்க. ஏசியில சொட்டுற தண்ணியில் தூசியும் கிருமியும் கலந்திருக்கும். அதை வீடு துடைக்க வச்சுக்கலாம், ரேடியேட்டருக்கு வேண்டாம்.

3. டப்பாவில் ‘ரெடி டு யூஸ்’னு போட்டிருந்தா அது ஏற்கெனவே தண்ணி கலந்தது, அப்படியே ஊத்தணும். ‘கான்சென்ட்ரேட்’னு போட்டிருந்தாதான் நாம கலக்கணும். விலையை ஒப்பிடும்போது கலந்த பிறகு எத்தனை லிட்டர் தேறும்னு பாருங்க. பெரும்பாலும் கான்சென்ட்ரேட் வாங்கி வீட்டில் கலக்கிறதுதான் சிக்கனம்.

4. கலக்கிற அளவு காரோட மேனுவலிலும் டப்பாவிலும் இருக்கும். பொதுவா ஒரு பங்கு கூலண்டுக்கு ஒரு பங்கு தண்ணி. ‘நம்ம ஊர்ல என்ன தண்ணி உறையுற அளவுக்குப் பனியா பெய்யுது, கூலண்ட் எதுக்கு?’ன்னு நிறைய பேர் கேட்கிறாங்க. வெறும் தண்ணி 100 டிகிரியில் கொதிச்சிடும். பாதிக்குப் பாதி கலந்தது சுமார் 107 டிகிரி வரைக்கும் தாங்கும், ரேடியேட்டர் மூடி தர்ற அழுத்தமும் சேர்ந்தா 120 டிகிரிக்கு மேலயும் தாங்கும். சித்திரை வெயில்ல ஏசியைப் போட்டுக்கிட்டு மதுரைக்குப் போற நமக்குத்தான் இது முதல்ல வேணும். துருப்பிடிக்காம காக்கிற மருந்தும் கூலண்டுக்குள்ளதான் இருக்கு.

5. கூட ஊத்தினா கூட நல்லதுன்னு தண்ணியே கலக்காம கான்சென்ட்ரேட்டை ஊத்தாதீங்க. சூட்டைச் சுமந்துக்கிட்டுப் போறதுல தண்ணிதான் கெட்டி. அது குறைஞ்சா இன்ஜின் இன்னும் சூடாகும், காசும் தண்டம்.

6. கூலண்ட் ரிசர்வ் டேங்குக்குள்ள தனித்தனியா ஊத்தாம, வெளியே ஒரு சுத்தமான கேனில் கலந்துட்டு ஊத்துங்க. அரை லிட்டர் கூலண்ட், அரை லிட்டர் தண்ணின்னு ஒரு லிட்டர் கலந்து வச்சா வீட்டுக்கு ரொம்ப நாளைக்கு வரும். கேனையும் புனலையும் கடைசியா ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் விட்டு அலசிடுங்க. அளக்கிறதுக்கு அடுப்படித் தம்ளரை மட்டும் எடுக்காதீங்க.

7. பச்சை, சிவப்பு, நீலம்னு கலரைப் பார்த்து வாங்கிடாதீங்க. கலர் வெறும் சாயம், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. உள்ளே இருக்கிற மருந்து வேற வேற வகையா இருந்தா ஒண்ணோடொண்ணு சேராம வலு குறையும், சில சமயம் திரிஞ்சு கூழாகவும் ஆகும். அதனால இப்போ ஊத்தியிருக்கிற டப்பாவோட லேபிளை போன்ல படம் பிடிச்சு வச்சுக்கங்க, கடைக்காரர்கிட்ட காட்டினா போதும்.

8. காலையில் வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி, இன்ஜின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்கைப் பாருங்க. குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் நடுவில் இருந்தா சரி, விளிம்பு வரைக்கும் ரொப்ப வேண்டாம். டேங்க் மேல மார்க்கரால் இன்றைய மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுப் பக்கத்துல தேதியை எழுதிட்டா, அடுத்த மாசம் எவ்வளவு இறங்கியிருக்குன்னு ஒரு பார்வையில் தெரிஞ்சிடும்.

9. சூடா இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் அடைஞ்சு கிடக்கிற கொதிநீர் முகத்துக்கு நேரா பீச்சியடிக்கும். முழுசா ஆறின பிறகும் மடிச்ச துணியைப் போட்டு மெதுவா திருகுங்க. இன்ஜினை அணைச்ச பிறகுகூட ஃபேன் தானா ஓடும், விரல் பத்திரம்.

10. நரிக்குடியிலிருந்து பார்த்திபனூர் போற வழியில், ரெண்டு பக்கமும் கருவேலங்காடா இருக்கிற இடத்துல டெம்பரேச்சர் மீட்டர் முள்ளு ஏறினா, ஏசியை அணைச்சுட்டு ஓரமா நிறுத்துங்க. நல்லா ஆறின பிறகு வேற வழியில்லாட்டி குடிக்கிற தண்ணியை ஊத்தலாம். கொதிக்கிற இன்ஜினில் குளிர்ந்த தண்ணியைக் கொட்டினா ஹெட்டில் வெடிப்பு விழுந்துடலாம்.

அப்படி ஊத்தின தண்ணிக்குக் கணக்கு இருக்கு. 4 லிட்டர் பிடிக்கிற காரில் 1 லிட்டர் ஒழுகிப் போய், அதுக்குப் பதிலா 1 லிட்டர் வெறும் தண்ணி ஊத்தினா, கூலண்ட் பங்கு 50லிருந்து 37.5 சதவீதமா இறங்கிடும். ஒழுகலைச் சரிபண்ணிட்டு, 1 லிட்டரை வடிச்சு 1 லிட்டர் கான்சென்ட்ரேட் ஊத்தினா 53 சதவீதத்துக்கு வந்துடும். ஊத்தினது உப்புத் தண்ணின்னா இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், முழுசா வடிச்சு மாத்திடுங்க.

11. மாசாமாசம் மட்டம் இறங்கிக்கிட்டே இருந்தா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம், ஊத்தி ஊத்திச் சமாளிக்காதீங்க. ஓஸ் மாட்டியிருக்கிற கிளிப் ஓரத்துல காய்ஞ்ச வெள்ளை, பச்சைத் தடம் இருக்கான்னு தடவிப் பாருங்க. காருக்குள்ள இனிப்பு வாடை வந்தாலும், முன்சீட்டுக் கால்மிதி ஈரமா இருந்தாலும், ஆயில் பால்விட்ட காபி நிறத்துக்கு மாறியிருந்தாலும் உடனே மெக்கானிக்கிட்ட காட்டுங்க. கிளிப்பு சில ரூபாயோட முடியும், ஹெட் வேலை ஆயிரக்கணக்குல இழுத்துவிடும்.

12. குதிரைவாலி, கம்பு, சோளக் கதிரையெல்லாம் ரோட்டுலயே பரப்பிப் போடுற சீசன்ல அந்தச் சண்டும் தூசியும் ரேடியேட்டர் கண்ணையெல்லாம் அடைச்சிடும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமா, குழாய்த் தண்ணியை மெதுவா விட்டுக் கழுவுங்க. பிரஷர் வாஷரைக் கிட்ட வச்சு அடிச்சா மெல்லிசான தகடெல்லாம் மடங்கிடும்.

13. சாதாரண கூலண்ட் ரெண்டு வருஷம் வரும், நீண்டநாள் வகை அஞ்சு வருஷம்கூட வரும். மேனுவல்ல போட்டிருக்கிறதுதான் முடிவு. மாத்தின அன்னைக்கு ஹீட்டரை முழுசா வச்சு, ஃபேன் ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் இன்ஜினை ஓடவிடுங்க. உள்ளே சிக்கின காத்து வெளியேறி மட்டம் இறங்கும், ஆறின பிறகு பார்த்து ஊத்திடுங்க.

14. கூலண்ட் இனிக்கிற விஷம். வாசல்ல சிந்திக் கிடந்தா ஆடு, நாய், பூனை நக்கிடும். கொஞ்சம் உள்ளே போனாலே கிட்னி போயிடும். சிந்தின இடத்துல மண்ணைப் போட்டு உறிஞ்சவிட்டு அள்ளிட்டு, நிறைய தண்ணி விட்டுக் கழுவுங்க. பழசை வாய்க்காலிலோ கண்மாயிலோ ஊத்தாம, ஒர்க்‌ஷாப்பிலேயே மாத்தி அங்கேயே விட்டுட்டு வாங்க. மிச்சத்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வைக்காதீங்க. ‘விஷம்’னு எழுதி, பிள்ளைங்க கைக்கு எட்டாம பரண்ல வைங்க. யாராவது தெரியாம குடிச்சிட்டா, டப்பாவையும் கையோட எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ஆடு குடிச்சிருந்தா அது தள்ளாடுற வரைக்கும் காத்திருக்காம கால்நடை டாக்டரைப் பாருங்க.