வரன் தளமா, டேட்டிங் ஆப்பா, இன்ஸ்டாவா?

கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் இருப்பவளுக்குக் கேட்க விரும்பாத கதைகளும் வந்து சேரும். அவற்றில் பல, போனில் பழகிய ஒருவரை நேரில் பார்க்கப் போனதில் தொடங்குபவை. எந்த வழியாகப் பழகுவது என்பதைப் பிள்ளைகள் யோசித்துத் தேர்ந்தெடுப்பதாகத் தெரியவில்லை. அறைத்தோழி பம்பிள் ஆப் வைத்திருக்கிறாள் என்று ஒருத்தி வைத்துக்கொள்கிறாள். கடைசி செமஸ்டர் முடியுமுன்பே அப்பா வரன் தளத்தில் பதிந்துவிட்டார் என்று இன்னொருத்தி தலையாட்டுகிறாள். போகவே போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது.

டேட்டிங் ஆப்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிண்டரிலும் பம்பிளிலும் செல்ஃபி எடுத்து அனுப்பினால், போட்டிருக்கும் படத்தோடு ஒப்பிட்டு ஒரு டிக் தருவார்கள். படத்தில் இருக்கும் முகம் இந்த ஆளுடையதுதான் என்பதற்கு மேல் அந்த டிக் எதுவும் சொல்லாது. வேலை, கல்யாணம், கடன், குணம் எதற்கும் அது பொறுப்பல்ல. இரண்டாம் நாளே 'வாட்ஸ்அப் வாங்களேன்' என்று அவசரப்படுத்துபவரை அங்கேயே நிறுத்தி வையுங்கள். ஆப்புக்குள் பேசும்வரை புகார் செய்யவும் விலக்கவும் வசதி உண்டு. எண் கைமாறியபின் பேரும் ஊரும் தேடி எடுக்க அதிக நேரம் ஆகாது. ஆனாலும் ஆப்பில் ஒரு நன்மை இருக்கிறது. 'யாரோ எவரோ' என்ற சந்தேகத்தோடுதான் அங்கே நுழைகிறோம்.

இன்ஸ்டாவில் அந்தச் சந்தேகம் பாதியாகக் குறைந்துவிடும். நமக்குத் தெரிந்த இத்தனை பேர் அவரைத் தொடர்கிறார்களே! அவர்களில் ஒருவராவது அவரை நேரில் பார்த்ததுண்டா என்று விசாரியுங்கள். 2019-இல் வெளியே வந்த பொள்ளாச்சிக் கொடுமை, சமூக ஊடகத்தில் பழகி, தனியிடத்துக்கு அழைத்துப்போய், வீடியோ எடுத்து மிரட்டிய கதை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அதே வழக்கில், புகார் கொடுத்த பெண்ணின் பெயரே வெளியே வந்ததும் ஊர் மறக்காத விஷயம். அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று சட்டம் அப்போதும் இருந்தது. மாணவிகள் புகாருக்குத் தயங்குவதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என்னைக் கேட்டால், அதிகம் பயப்பட வேண்டியது வரன் தளத்துக்குத்தான். பெற்றோர் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். "அது ஃபேமிலி சைட்டுங்க மேடம்" என்று ஒரு தகப்பனார் என்னிடம் சொன்னார். ஜாதகம் பொருந்திவிட்டது, சம்பளச் சீட்டு வந்துவிட்டது, பையனின் அப்பாவோடு போனில் பேசியும் ஆகிவிட்டது. போனில் பேசியவர் பையனின் அப்பாதான் என்பதற்கு என்ன சாட்சி என்றேன். அவருக்குக் கோபம் வந்தது.

2016-இல் மத்திய அரசு இந்தத் தளங்களுக்கென்று நெறிமுறை வெளியிட்டது. பயனரின் அடையாளச் சான்றைப் பெற வேண்டும், இது டேட்டிங் தளமல்ல என்று அறிவிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. நல்லதுதான். ஆனால் ஆதார் அட்டை ஒருவரின் பெயரைச் சொல்லும், அவருக்கு ஏற்கெனவே குடும்பம் இருக்கிறதா என்று சொல்லாது. என் தங்கைக்கு வரன் தேடியபோது 'திருமணமாகாதவர்' என்று பதிந்திருந்த ஒருவரின் கதையை, அவர் தெருவில் ரேஷன் கடை வரிசையில் நின்ற ஒரு பாட்டி எங்களுக்கு முழுசாகச் சொன்னார். மனைவி பெயர் உட்பட. அன்றிலிருந்து எனக்கு எந்த டிக்கையும் விட ரேஷன் வரிசைமேல்தான் நம்பிக்கை. இது ஒருதலைப்பட்சம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

லண்டன் டாக்டர் என்று சொல்லிக்கொள்ளும் மோசடி வகையும் வரன் தளத்தில் வலை வீசுகிறது. மூன்று வாரம் இனிமையாகப் பேசுவார். பிறகு பரிசு அனுப்பியிருப்பதாகச் சொல்வார். அடுத்த நாள் ஒரு பெண் குரல்: "டெல்லி ஏர்போர்ட் கஸ்டம்ஸ்லருந்து பேசறோம், உங்க பார்சல்ல பவுண்டு நோட்டு இருக்கு, டியூட்டி கட்டலைன்னா கேஸ் ஆயிடும்." கொடுக்கப்படுவது ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கு. சுங்கத்துறை அப்படிப் பணம் வசூலிப்பதே இல்லை. 2019 முதல் சுங்கத்துறை அனுப்பும் கடிதங்களில் ஓர் ஆவண எண் இருக்கும். அதை அத்துறையின் தளத்திலேயே போட்டுச் சரிபார்க்கலாம்.

பணம் போனதோடு முடிந்தால்கூடத் தேவலை. 'நிச்சயம் ஆன மாதிரிதான்' என்று பெரியவர்கள் சொல்லிவிட்டால், பெண்ணுக்கு மறுக்கும் வாய் போய்விடுகிறது. ஊட்டிக்குக் காரில் கூப்பிட்டாலும் போகிறாள், படம் கேட்டாலும் அனுப்புகிறாள். கட்டிக்கப்போறவர்தானே! பேச்சுவார்த்தை முறிந்தபின் படம் மட்டும் அவனிடம் தங்கிவிடும். கல்யாணம் செய்வதாகப் பொய் சொல்லியோ அடையாளத்தை மறைத்து மணந்தோ உறவு கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவில், 2024 ஜூலை 1 முதல், பத்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆப்பில் வந்தவனிடம் 'முடியாது' என்று சொல்லத் தெரிந்தவளுக்கு, அப்பா கொண்டுவந்தவனிடம் அதைச் சொல்ல யாரும் கற்றுத் தரவில்லை.

சந்திப்பது என்று முடிவானால், அதற்கு முன் ஒரு வீடியோ அழைப்பு. கேமரா கெட்டுவிட்டது என்று இரண்டு தடவை சொன்னால் அந்தப் பேச்சு அதோடு சரி. படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் வேறு பெயரில் வேறு ஊரில் அதே முகம் சிரிப்பதும் உண்டு. இடத்தை நீங்கள் சொல்லுங்கள். கோவையில் என் சிபாரிசு, சாயங்காலம் ஐந்து மணிக்கு ரேஸ்கோர்ஸ் நடைபாதை, அல்லது கூட்டம் நெருக்கும் ஏதாவது அன்னபூர்ணா ஹோட்டல். சத்தமாக இருக்கிறது என்று அவர் குறைபட்டால் படட்டும். உங்கள் பில்லை நீங்கள் கொடுங்கள். வரும்போதும் போகும்போதும் உங்கள் சொந்த ஏற்பாடு, அவர் கார் கதவைத் திறந்துவிட்டாலும்.

பையன்கள் இதையெல்லாம் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டாம். டெல்லி, மும்பை, ஹைதராபாத்தில் பெண்ணே ஒரு பாருக்கு அழைத்து, ஆர்டர் செய்துவிட்டு நழுவ, பல ஆயிரம் ரூபாய் பில்லோடு பவுன்சர்கள் சூழ்ந்த கதைகள் செய்தியானவை. இடத்தை நாமே தேர்ந்தெடுப்பதன் அருமை அங்கே தெரியும். நள்ளிரவு வீடியோ கால், பிறகு மிரட்டல் என்ற வகையில் சிக்குபவர்களும் பெரும்பாலும் பையன்களே. ஒரு தடவை பணம் கொடுத்தால் மறு தடவையும் கேட்பார்கள். தன்பால் ஈர்ப்புள்ள பையன்களை ஒதுக்குப்புறத்துக்கு வரவழைத்துப் பறித்துவிட்டு 'வீட்டில் சொல்லிவிடுவோம்' என்பவர்களும் உண்டு. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அந்த ஈர்ப்பில் வயது வந்தோர் சம்மதத்தோடு கொள்ளும் உறவு குற்றமில்லை. மிரட்டிப் பறிப்பதுதான் குற்றம்.

பணம் போனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்புண்டு. படம் வெளியாகும் பயம் இருந்தால் ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற தளம் இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டுப் போகாது. அதிலிருந்து உருவாகும் அடையாளக் குறியீடு மட்டுமே போகும். அதை வைத்து, இதில் சேர்ந்திருக்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை அந்தப் படத்தைத் தடுக்கும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்களுக்கு எதிரான ஆபாசப் பதிவுகளைப் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம்.

எல்லாருக்கும் ஒரே வழி சரிப்படாது, அவரவர் சுபாவம் வேறு. அழகாக எழுதுபவரிடம் மயங்குகிறவள் என்று தன்னைத் தெரிந்தவள் சீக்கிரமே குரலுக்கும் முகத்துக்கும் மாறிவிட வேண்டும். எதிரில் இருப்பவர் முகம் வாடினால் தாங்காதவள், முதல் சந்திப்புக்குத் தோழியையும் பக்கத்து மேஜைக்குக் கூட்டிப் போகலாம். ஆளை அறிய மாதங்கள் ஆகும். 'இன்னும் என்ன சந்தேகம்?' என்று கேட்பவருக்குப் பொறுமை இல்லை என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயந்தானே.

விடுதி அவுட்பாஸ் பதிவேட்டைப் புரட்டினால் சனிக்கிழமைகளில் 'கசின் வீடு' என்றே வரிசையாக இருக்கும். வார்டனுக்கு அது பொய் என்று தெரியும், எழுதியவளுக்கும் தெரியும். உண்மையை எழுதினால் பாஸ் கிடைக்காது என்பதால் இந்த ஏற்பாடு. அது மாறும்வரை, அறைத்தோழி ஒருத்தியிடமாவது நீங்கள் சந்திக்கப் போகிறவரின் பெயர், படம், எண், இடம், திரும்பும் நேரம் எல்லாம் இருக்கட்டும். லைவ் லொகேஷன் ஓடட்டும். ஆறரைக்கு அவள் போன் செய்வாள் என்பதை எதிரில் இருப்பவர் காதில் விழும்படியே சொல்லிவிடுங்கள்.