குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு ஸ்பானிஷ் கேம்: சிட்னியில் வேலை தேடுபவருக்கான ப்ராஜெக்ட்

குவேக்கர்ஸ் ஹில், ஸ்கோஃபீல்ட்ஸ், துங்காபி பக்கம் புதிதாக வந்திறங்கும் நம் ஐடி ஆட்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது: 'லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா?' சென்னையிலோ கொழும்பிலோ பல வருடம் வேலை பார்த்திருந்தாலும் கேட்பார்கள். புலம்பிப் பயனில்லை. அதே வேலைக்கு அதே மாதிரி ரெஸ்யூமேயோடு நிறையப் பேர் அப்ளை செய்திருக்கிறார்கள். லிங்கைத் தட்டியதும் ஓடுகிற ஒரு பொருள் உங்களிடம் இருக்கட்டும். என் சிபாரிசு, ஸ்பானிஷ் சொற்களைக் கற்றுத்தரும் சின்ன கேம். இலவசமாக, ஓப்பன் சோர்ஸாக.

தமிழை விட்டுவிட்டு ஏன் ஸ்பானிஷ்? தமிழ் கேம் என்றால் எது சரி, எது தப்பு என்று நீங்களே தீர்ப்பு சொல்லிவிடுவீர்கள். தெரியாத மொழியில் அதற்கு வழியே இல்லை. டேட்டாவைச் சரிபார்க்க வேண்டும். பேசுகிறவர்களைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும். அவர்கள் சொன்னதைக் குறித்துவைத்துத் திருத்த வேண்டும். கம்பெனிகள் சம்பளம் கொடுப்பது இந்தப் பழக்கங்களுக்குத்தான்.

இலவசமாகக் கொடுத்தால் நமக்கென்ன லாபம் என்று கேட்பீர்கள். ஆங்கி என்ற ஃப்ளாஷ்கார்டு மென்பொருளைப் பாருங்கள். டேமியன் எல்ம்ஸ் என்ற ஆஸ்திரேலியர் 2006-இல் வெளியிட்டது. கம்ப்யூட்டரில் காசில்லாமல் ஓடும், கோடும் திறந்தே இருக்கும். அவர் விலை வைத்தது ஐபோன் ஆப்புக்கு மட்டும். இன்று மருத்துவ மாணவர்கள்கூட அதில்தான் மனப்பாடம் செய்கிறார்கள். டுவோலிங்கோவோடு நீங்கள் மோத வேண்டாம். உங்களுக்குத் தேவை ஒரு வேலை, அதற்கு உங்கள் பெயர் ஒட்டிய நல்ல ரெப்போ ஒன்று போதும்.

1. ஸ்கோப்பைச் சுருக்குங்கள். இருநூறு சொற்கள், ஒரே ஒரு விளையாட்டு முறை. படம் மேலிருந்து விழட்டும், விளையாடுபவர் அதற்கான சொல்லை டைப் செய்யட்டும், அவ்வளவுதான். எந்தச் சொல்லை எப்போது திரும்பக் கேட்பது என்பதில்தான் மூளையைச் செலவழிக்க வேண்டும். செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் சொன்ன பெட்டி முறை தொடக்கத்துக்குப் போதும். சரியாகச் சொன்ன சொல் அடுத்த பெட்டிக்குப் போய், தாமதமாகத் திரும்பி வரும். தப்பாகச் சொன்னது முதல் பெட்டிக்கே வந்துவிடும். கோடாக எழுதினால் சில டஜன் வரிகள்தான். இதற்கு டெஸ்ட் எழுதிவையுங்கள். ரெப்போவைத் திறக்கும் சீனியர் இன்ஜினியர் தேடுகிற ஃபோல்டர் அது.

2. கேம் இன்ஜினுக்கு கோடோ (Godot). அர்ஜென்டினாவில் ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மான்சுர் இருவரும் உருவாக்கி, 2014-இல் எம்ஐடி லைசென்ஸில் திறந்துவிட்டது. போட்டி இன்ஜினான யூனிட்டி 2023 செப்டம்பரில் இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று கட்டணம் அறிவித்தபோது பல சிறு ஸ்டுடியோக்கள் இந்தப் பக்கம் திரும்பின. மறு வருடம் யூனிட்டி அதைக் கைவிட்டது. 'ஏன் இந்த டூல்?' என்று இன்டர்வியூவில் கேட்டால் சொல்ல இதுவே நல்ல பதில். கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டில் எழுதி, வெப் வெர்ஷனாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். உங்கள் கேமை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்ய எந்த ஹயரிங் மேனேஜருக்கும் பொறுமை கிடையாது.

3. எழுத்தில் கவனம். இங்கே நமக்கு ஒரு அட்வான்டேஜ் உண்டு. யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எகரக் குறி, கால் என இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு. தமிழ் டேட்டாவில் சர்ச் போட்டு மண்டை காய்ந்தவர்களுக்கு இது தெரியும். அலைக்குறி போட்ட ஸ்பானிஷ் எழுத்துக்கும் இதே கதைதான். ஒருவர் சரியாகவே டைப் செய்வார், உங்கள் கேம் தப்பு என்று சிவப்பு காட்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்கு நார்மலைஸ் செய்த பிறகே ஒப்பிடுங்கள். அதற்காக அலைக்குறியையும் உச்சரிப்புக் குறியையும் மொத்தமாக உருவி எறியக்கூடாது. அவை போனால் பொருளே மாறும் சொற்கள் அந்த மொழியில் ஏராளம்.

பெயர்ச்சொல்லை ஆர்ட்டிகிளோடு சேர்த்தே சேமிப்பதும் முக்கியம். கை என்பதற்கான 'மானோ' ஓகாரத்தில் முடிந்தும் பெண்பால், 'ப்ரோப்ளெமா' ஆகாரத்தில் முடிந்தும் ஆண்பால். விதி போட்டுத் தானாகக் கண்டுபிடிக்க நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

4. லைசென்ஸ். ரெப்போவைப் பப்ளிக் ஆக்கினால் மட்டும் ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது. லைசென்ஸ் ஃபைல் இல்லாவிட்டால் சட்டப்படி யாரும் அதைத் தொட முடியாது. கோடுக்கு எம்ஐடி அல்லது ஜிபிஎல். டேட்டாவுக்குத் தனி ஃபைல் வைத்து, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். தாதோயெபா என்ற வாக்கியத் தொகுப்புத் தளத்தின் வாக்கியங்களை, மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். விக்‌ஷனரி டேட்டாவை மாற்றி வெளியிட்டால் அதே லைசென்ஸில்தான் வெளியிட வேண்டும். கேம் படங்கள் தரும் கென்னி தளத்தின் படங்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லை. இன்னொரு ஆப்பிலிருந்து சுரண்டிய டேட்டா ஒரு வரி இருந்தாலும் இன்டர்வியூவில் பெயர் கெடும்.

5. டெஸ்டர்களைத் தேடிப் போங்கள். குவேக்கர்ஸ் ஹில்லில் டி5 ரயில் ஏறினால் துங்காபி, பென்டில் ஹில், வெஸ்ட்மீட் தாண்டி, மாறாமலே ஃபேர்ஃபீல்டில் இறங்கலாம். 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் சிலியிலிருந்து வந்த குடும்பங்களும் மற்ற லத்தீன் அமெரிக்கர்களும் அங்கே வேர்விட்டிருக்கிறார்கள். கடையிலோ கஃபேயிலோ அனுமதி கேட்டுவிட்டு, ஃபோனைக் கையில் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு பாருங்கள். விளக்கம் சொல்லக்கூடாது. எங்கே விரல் தயங்குகிறது, எங்கே முகம் சுளிக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவகாடோ படம் வரும். சிலிக்காரர் 'பால்தா' என்பார். உங்கள் லிஸ்டில் மெக்சிகோவும் ஸ்பெயினும் சொல்கிற 'அகுவாகாதே' மட்டும் இருக்கும். தாய்மொழிக்காரரையே தப்பு என்று சொல்லும் கேமை யார் விளையாடுவார்கள்? ஒரு சொல்லுக்குப் பல விடை, ஒவ்வொரு விடைக்கும் நாடு என்று டேட்டா அமைப்பையே மாற்ற வேண்டிவரும். மாற்றுங்கள். யூசரைப் பார்த்து டிசைனைத் திருத்தியதற்கு இதைவிடத் தெளிவான சான்று உங்களுக்குக் கிடைக்காது.

6. தனியாகச் செய்தாலும் டீமில் இருப்பதுபோல் வேலை செய்யுங்கள். ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு இஷ்யூ, ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு புல் ரிக்வெஸ்ட். கமிட் மெசேஜில் 'ஃபிக்ஸ்' என்று ஒற்றைச் சொல் எழுதுகிறவரை ரிவ்யூ செய்கிறவர் மறக்கமாட்டார், நல்ல விதமாக அல்ல. கூடவே, உங்களுக்கு உதவிய ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் ஒன்றுக்கு நீங்களும் ஒரு திருத்தம் அனுப்புங்கள். ஆஸ்திரேலியாவில் ஆஃபருக்கு முன் ரெஃபரி கேட்பது வழக்கம். மாதக்கணக்கில் உங்கள் கோடைப் படித்துக் கருத்து சொன்ன ஒருவர் சம்மதித்தால், பழைய மேனேஜரோடு அவர் பெயரையும் கொடுக்கலாம்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் கான்ட்ராக்ட்டில் ஐபி (அறிவுசார் சொத்துரிமை) பகுதியைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். ஆபீஸ் லேப்டாப்பைத் தொடவே வேண்டாம்.

ரெஸ்யூமேயில் இதற்கு மூன்று வரி போதும்: விளையாடும் லிங்க், ரெப்போ லிங்க், பால்தா கதை ஒரே வாக்கியத்தில். இன்டர்வியூவுக்கு முந்தின இரவு லிங்கை வேறொருவர் ஃபோனில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.