வெட்டி வேலை என்று எதைச் சொன்னார் கிரேபர்?

கேள்வி: கணினி வந்தால் வேலைப்பளு குறையும் என்றார்கள். குறையவில்லை. டேவிட் கிரேபர் என்பவர் ‘பாதி வேலைகள் வெட்டி வேலை’ என்று எழுதியிருக்கிறாராமே? பழங்குடிகளை ஆராய வேண்டிய மானிடவியலாளருக்கு ஆபீஸ் விவகாரத்தில் என்ன வேலை? அவர் சொன்னது சரிதானா?
– வாசகர், ஈரோடு

பதில்: இரண்டாவது கேள்வியைப் பொருளாதார அறிஞர்களும் கொஞ்சம் எரிச்சலோடு கேட்டார்கள் ஐயா!

கிரேபர் அடிமட்ட வேலைகளையோ அரசு அலுவலகங்களையோ கிண்டல் செய்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. குப்பை அள்ளுபவரும் செவிலியரும் ஒரு நாள் வராவிட்டால் ஊர் நாறும். அவை தேவையான வேலைகள், சம்பளம்தான் குறைவு என்றார் அவர். ‘வெட்டி வேலை’ என்று அவர் சொன்னது, செய்பவராலேயே ‘இது எதற்கு’ என்று விளக்க முடியாத, ஆனால் அவசியமானதுபோல் நடித்தாக வேண்டிய வேலையை. பெரும்பாலும் நல்ல சம்பளம், தனியார் நிறுவனம், ஏசி அறை.

இதுபற்றிய அவர் நூலில் ஒரு ஜெர்மன்காரர் வருகிறார். ராணுவத்துக்கு உள்குத்தகை எடுத்த கம்பெனியின் ஊழியர். ஒரு சிப்பாய் இரண்டு அறை தள்ளி இடம் மாறுகிறார். கணினியை அவரே தூக்கிக்கொண்டு போகக் கூடாது. படிவம் நிரப்ப வேண்டும். அது ஒவ்வொரு கம்பெனியாக ஒப்புதல் பெறும். கடைசியில் நம் ஆள் வாடகைக் காரில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி வந்து, கணினியைக் கழற்றிப் புது அறையில் மாட்டிவிட்டுத் திரும்புவார்.

லாபமே குறியான முதலாளித்துவம் இதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறது? கிரேபர் ஒரு பழைய கணிப்பிலிருந்து தொடங்குகிறார். நூறாண்டுக்குள் வாரம் 15 மணி நேர உழைப்பு போதும் என்று பொருளியலாளர் கெயின்ஸ் 1930-ல் கணித்தார். அது பலிக்காததற்கு நம் நுகர்வு ஆசையே காரணம் என்பது வழக்கமான பதில். கிரேபர் அதை ஏற்கவில்லை. உற்பத்தியில் ஆள் குறைந்த அதே காலத்தில் நிர்வாகம், கம்பெனிச் சட்டம், மக்கள் தொடர்பு போன்றவை வீங்கின. கீழே எத்தனை பேர் என்பதே மேலதிகாரியின் அந்தஸ்து. ஆகவே ஆட்கள் பெருகுகிறார்கள். இதற்கு அவர் வைத்த பெயர் ‘மேலாண்மை நிலப்பிரபுத்துவம்’, அதாவது ஜமீன்தார் ஏவலாட்களைச் சேர்ப்பதுபோல் மேலாளர்கள் ஆள் சேர்ப்பது. மடகாஸ்கரில் பிரபுக்கள், அடிமைகள் ஆகியோரின் வழித்தோன்றல்களிடையே தங்கி ஆய்வு செய்தவர் கண்ணுக்கு ஆபீஸ் அப்படித் தெரிந்ததில் எனக்கு வியப்பில்லை. ஊழியர்களிடமே கேட்டு எழுதியதும் மானிடவியலாளர் பழக்கம்தான்.

சரி, எண்ணிக்கை? நூலுக்கு முன்பே, 2013-ல் இதுபற்றிய அவர் கட்டுரை வந்தது. 2015-ல் பிரிட்டனில் எடுத்த யூகவ் (YouGov) நிறுவனக் கருத்துக்கணிப்பில், தங்கள் வேலையால் உலகுக்கு உருப்படியான பயன் இல்லை என்றவர்கள் 37 சதவீதம். அதை வைத்துக் கிரேபர் ‘பாதி’ வரை இழுத்தது அதிகப்படி. 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, ஐரோப்பியத் தரவுகளில் அப்படி நினைப்பவர்கள் சுமார் 5 சதவீதம்தான், அதுவும் குறைந்து வருகிறது என்றது. துப்புரவுத் தொழிலாளர்களிடம் அந்த எண்ணம் சராசரியைவிட அதிகமாம்! வேலையின் தன்மையைவிட, மேலதிகாரி நடத்தும் விதமே காரணம் என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு. 2023-ல் அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்த இன்னொருவரோ, நிதி, விற்பனைத் துறைகளில் அந்த எண்ணம் கூடுதல் என்று கிரேபர் பக்கம் ஓரளவு சாய்ந்தார்.

எண்ணிக்கையில் கிரேபர் தோற்றார் என்றே சொல்வேன். ஆனால் ஒரு வேலை யாருக்குப் பயன்படுகிறது என்ற கேள்வியை ஆய்வாளர்கள் அளந்து பார்க்கவேண்டிய விஷயமாக மாற்றியது அவர்தான். 2020-ல் காலமாகிவிட்டார். படிப்பதானால் 2018-ல் வந்த நூலுக்கு முன் அந்தக் கட்டுரையைப் படியுங்கள். சில பக்கங்கள்தான், நூலைவிடக் காரம் அதிகம்.