டெஸ்டிங் பத்தியில் மூன்று டிக்கெட்

எங்கள் டீம் அஜைலுக்கு மாறியதும் முதலில் வந்து சேர்ந்தவை மீட்டிங்குகள்தான். தினமும் ஸ்டாண்ட்-அப், ஸ்பிரிண்ட் தொடங்கினால் பிளானிங், முடிந்தால் டெமோ, ரெட்ரோ. ரிலீஸ் மட்டும் பழையபடி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

காரணம் போர்டிலேயே இருந்தது. கோடிங் முடித்த டெவலப்பர், டிக்கெட்டை ‘டெஸ்டிங்’ பத்திக்குத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்துவிடுவார். ஸ்பிரிண்டின் கடைசி நாட்களில் எல்லாம் ஒரே டெஸ்டர் தலையில் வந்து விழும். அவர் பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும்போது, எழுதியவருக்கே பாதி மறந்திருக்கும்.

கான்பான் முறையிலிருந்து ஒரு விதியை எடுத்துக்கொண்டோம்: டெஸ்டிங்கில் மூன்றுக்கு மேல் டிக்கெட் நிற்கக் கூடாது. பத்தி நிரம்பிவிட்டால் யாரும் புது வேலையைத் தொடக் கூடாது, டெஸ்டருக்குக் கைகொடுக்க வேண்டும். “நான் டெவலப்பர்ங்க, டெஸ்ட் பண்றது என் வேலையா?” என்றார் ஒருவர். அவர் பக்கமும் நியாயம் உண்டு. அப்ரைசலில் அவர் முடித்த டிக்கெட்டுகளைத்தானே எண்ணினார்கள்! மேனேஜரிடம் பேசி அந்தக் கணக்கை நிறுத்திய பிறகுதான் விதி நடைமுறைக்கு வந்தது. உங்கள் டீமிலும் முதலில் அப்ரைசல் படிவத்தைப் பாருங்கள்.

நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை என்ன என்ற ஸ்டாண்ட்-அப்பின் மூன்று கேள்விகளை 2020-ல் வந்த ஸ்க்ரம் கைடே கைவிட்டுவிட்டது. நாங்களும் ஆள் ஆளாக ஒப்பிப்பதை விட்டுவிட்டு, போர்டின் வலது ஓரத்தில், முடியும் தறுவாயில் நிற்கும் டிக்கெட்டிலிருந்து பேசத் தொடங்கினோம். 15 நிமிடம் தாராளமாகப் போதும்.

ஸ்டோரி பாயின்ட் கணக்கை கிளையன்ட்டுக்குக் காட்டாதீர்கள். காட்டினால் மூன்று பாயின்ட் வேலை சீக்கிரமே ஐந்தாகிவிடும். 2001-ல் அஜைல் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயின்ட்டைத் தானே கண்டுபிடித்திருக்கலாம் என்று சொல்லி, அதற்காக வருத்தப்பட்டும் எழுதியிருக்கிறார்.

டெமோவுக்கு கிளையன்ட் தரப்பு மேனேஜர் மட்டும் வந்தால் போதாது. நீங்கள் காட்டும் திரையின் முன் தினமும் உட்காருபவரையும் அழைத்துவரச் சொல்லுங்கள். எங்கள் பில்லிங் திரைக்கு அப்படி ஒரு அம்மா வந்தார். நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த தேடல் பெட்டியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “மவுஸைத் தொடாம பில் போட முடியுமா தம்பி? எதிர்ல கஸ்டமர் நிப்பாங்க” என்றார். முடியாது. அடுத்த ஸ்பிரிண்டின் முதல் டிக்கெட் அதுதான்.