முதல் அரை மணி நேரம்

அன்புள்ள தங்கைக்கு,

நான்கு பேர் சேர்ந்து செய்யும் பிராஜெக்டுக்குச் சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் உன் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்த இன்னொரு செய்திதான் எனக்குக் கவலை தந்தது. தலைப்பு கிடைத்த அன்றிரவே நால்வரும் தனித்தனியாகச் சாட்ஜிபிடியிடம் யோசனை கேட்டுவிட்டீர்கள்; மறுநாள் கூடி உட்கார்ந்தபோது நால்வர் கையிலும் கிட்டத்தட்ட ஒரே யோசனை இருந்தது; வாக்குவாதம் இல்லாமல் பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறாய். அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் குழு எதை இழந்தது என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன்.

கூடிப் பேசினால் யோசனை பெருகும் என்ற நம்பிக்கை பரவக் காரணமானவர்களில் முக்கியமானவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். அவர் 1953இல் எழுதிய நூல் அந்த முறையை அலுவலகங்களுக்கும் வகுப்பறைகளுக்கும் கொண்டுபோனது. ஐந்து வருடம் கழித்து, 1958இல், யேல் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் கூடிப் பேசிய குழுக்களை ஒரு பக்கம் வைத்தார்கள். தனித்தனியே யோசித்த நால்வரின் விடைகளைச் சேர்த்து, திரும்ப வந்தவற்றை நீக்கிய பட்டியலை மறுபக்கம் வைத்தார்கள். தனியே யோசித்தவர்களின் பட்டியல்தான் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளமாக இருந்தது. ஏன் இப்படி என்பதை மிக்கேல் டீல், வொல்ப்காங் ஸ்ட்ரோபே என்ற இரு உளவியலாளர்கள் 1987இல் ஆராய்ந்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் தன் யோசனை மறந்துபோகிறது, அல்லது சொல்லத் தகுதியற்றதாகத் தோன்றிவிடுகிறது. இதுதான் பெரிய காரணம் என்று கண்டார்கள். ஆகவே இந்தக் கருவிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே நமக்குத் தெரிந்த உண்மை இது: முதலில் தனியாக யோசித்து எழுதிக்கொண்டு வருபவர்கள் சேரும்போதுதான் குழு நன்றாக வேலை செய்கிறது.

நாங்களும் தனித்தனியாகத்தானே கேட்டோம் என்பாய். கேட்டது தனித்தனியாக, கேட்ட இடம் ஒன்று. அனில் தோஷி, ஆலிவர் ஹவுசர் இருவரும் 2024இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேராகப் பொருந்துகிறது. ஏறக்குறைய 300 பேரை எட்டு வாக்கியத்தில் ஒரு சிறுகதை எழுதச் சொன்னார்கள். சிலருக்கு மட்டும் செயற்கை நுண்ணறிவு தந்த கதைக் கருக்களைப் பார்க்க வாய்ப்புக் கொடுத்தார்கள். பார்த்து எழுதியவர்களின் கதைகள் கூடுதல் மதிப்பெண் பெற்றன. இயல்பாகப் படைப்பாற்றல் குறைந்தவர்களுக்கே அதிக லாபம். ஆனால் எல்லாக் கதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, கருவியின் உதவியோடு எழுதப்பட்டவை ஒன்றுக்கொன்று அதிகம் ஒத்திருந்தன. அதாவது தனி ஆள் ஒவ்வொருவரும் சற்று உயர்ந்தார்கள். கூட்டம் மொத்தமாகக் குறுகியது. தேர்வு எழுதும் ஒருத்திக்கு இது பிரச்சினையே இல்லை. நான்கு தலைகளை ஒன்றுசேர்ப்பதன் பயனே அவை வேறுவேறாக இருப்பதில்தான் என்னும்போது, குழுவுக்கு இது நேரடி நஷ்டம்.

பிறகு நாங்களே மாற்றிக்கொள்ள மாட்டோமா என்று கேட்கத் தோன்றும். ஒரு விடையைக் கண்டபின் அதிலிருந்து விலகுவது நாம் நினைப்பதைவிடக் கடினம். 1991இல் ஜான்சன், ஸ்மித் என்ற இருவர் பொறியியல் மாணவர்களிடம் இதைக் காட்டினார்கள். வடிவமைக்க வேண்டிய பொருளின் மாதிரிப் படம் ஒன்றைச் சிலருக்கு முன்கூட்டியே காட்டியபோது, அந்தப் படத்தில் இருந்த குறைகளைக்கூட அவர்கள் தங்கள் வரைபடத்தில் திரும்ப வரைந்தார்கள். சிந்தாத கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னபோது, உறிஞ்சுகுழாய் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தும், மாதிரியில் அதைப் பார்த்தவர்களில் பலர் அதையே வைத்தார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்ல, பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். திருத்தமான மொழியில், காரணங்களோடு, தயங்காமல் வந்து நிற்கும் ஒரு விடை ஒரு கோட்டுப் படத்தைவிட எவ்வளவு வலுவாகப் பிடித்துக்கொள்ளும் என்று எண்ணிப் பார்.

இவற்றைவிட முக்கியமான இழப்பு வேறு. 1985இல் ஸ்டாஸர், டைட்டஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர் குழுக்களிடம் மாணவர் தலைவர் தேர்தல் வேட்பாளர்கள் பற்றிய தகவல்களைப் பகிர்ந்து கொடுத்தார்கள். சில தகவல் எல்லோருக்கும். சில தகவல் ஒருவருக்கு மட்டும். எல்லாவற்றையும் சேர்த்தால்தான் சிறந்த வேட்பாளர் யார் என்பது புலப்படும். ஆனால் குழுக்கள் எல்லோருக்கும் தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசின. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது பெரும்பாலும் மேசைக்கே வரவில்லை. இதை உங்கள் தலைப்போடு வைத்துப் பார். கரையில் ஏலம் எடுத்த மீனை மதியம்வரை கெடாமல் வைத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண்களுக்கு ஒரு வழி காண வேண்டும். கருவி என்ன சொல்லும்? சூரிய மின்சாரக் குளிர்பெட்டி, வெப்பம் காட்டும் சென்சார், வாடிக்கையாளரை இணைக்கும் செயலி. எதுவும் தவறில்லை. ஆனால் உங்களில் ஒருத்தி கடலோர ஊரிலிருந்து வந்தவள் என்றால் அவளுக்கு வேறு விஷயம் தெரிந்திருக்கும்: பெட்டி எதுவானாலும் ஒரு பெண் தூக்கித் தலையில் வைக்க வேண்டும், பேருந்தில் ஏற்ற வேண்டும், உருகிய ஐஸ் தண்ணீர் ஒழுகக் கூடாது. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் முதிய பெண் ஒருவர் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்ட செய்தி தமிழகம் முழுக்கப் பேசப்பட்டது. பேருந்துப் படிக்கட்டுதான் அந்த வடிவமைப்பின் முதல் அளவுகோல். நால்வரும் ஒரே கருவியிடம் கேட்டுவிட்டு வந்தால், எல்லோருக்கும் தெரிந்த தகவலின் குவியல்தான் பெரிதாகும். இவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது இன்னும் ஆழத்தில் புதையும். அவளே அதை அற்பம் என்று நினைத்து விட்டுவிடுவாள்.

உன் பக்கத்து நியாயங்களையும் பார்க்கிறேன். கருவியிடமே நூறு யோசனை கேட்கலாமே, ஒவ்வொருவரும் வேறு வேறு மாதிரி கேட்கலாமே என்பது ஒன்று. செய்யலாம், விடைகள் ஓரளவு விரியவும் செய்யும். ஆனால் எந்தத் திசையில் கேட்பது என்று தெரிய உன்னிடம் முதலில் ஒரு திசை இருக்க வேண்டும். நேரமில்லை என்பது இன்னொன்று. ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானின் மென்பொருள் சுற்றுக்குக்கூட 36 மணி நேரம் தருகிறார்கள். அதில் அரை மணி நேரம் பேனாவும் தாளுமாக உட்காருவது பெரிய செலவல்ல. நான் உண்மையாகவே மதிக்கும் ஆட்சேபம் மூன்றாவது: தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கும் கூட்டத்தில் பேசத் தயங்குகிறவர்களுக்கும் இந்தக் கருவி கையில் இருப்பதால்தான் மற்றவர்களுக்குச் சமமாக உட்கார முடிகிறது. இது சரி, அந்தத் துணையை யாரும் அவர்களிடமிருந்து பறிக்கக் கூடாது. ஆனால் அது அவர்களுடைய யோசனையைச் சொல்ல உதவட்டும். தமிழில், அரைகுறை வாக்கியத்தில், தன் யோசனையை முதலில் எழுதிவிட்டு, அதைப் பிராஜெக்ட் ரிவியூவுக்கு ஏற்ற ஆங்கிலத்தில் சொல்லித் தரக் கேட்கும் பெண்ணின் குரல் ஓங்குகிறது. எழுதாமலே கேட்பவள் வேறொரு குரலை வாங்கி வருகிறாள்.

ஆகவே நான் சொல்வது வரிசையைப் பற்றி மட்டும்தான். முதல் அரை மணி நேரம் கைபேசியைப் பையில் போடுங்கள். ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எழுதுங்கள். பிறகு சுற்றி வந்து ஒவ்வொருவரும் படியுங்கள். இடையில் யாரும் விமர்சிக்க வேண்டாம். ‘எனக்கு மட்டும் தெரிந்தது’ என்று ஒரு வரியாவது ஒவ்வொரு தாளிலும் இருக்கட்டும். அதன் பின் கருவியை அழையுங்கள். அப்போது அதற்கு உண்மையான வேலை இருக்கும்: உங்கள் ஆறேழு யோசனைகளில் எது ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது, எந்தக் கணக்கு இடிக்கிறது, ஐஸ் வியாபாரி என்ன ஆட்சேபிப்பார், நடத்துநர் என்ன ஆட்சேபிப்பார் என்று கேட்கலாம். எவ்வளவு கேட்டாலும் அது சலிக்காது. யாருடைய முறைக்காகவும் அது உங்களைக் காத்திருக்க வைக்காது. ஆனால் இரண்டு யோசனைகளுக்கிடையே தீர்ப்புச் சொல்லும் வேலையை அதனிடம் கொடுக்காதீர்கள். 2023இல் பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் 758 ஆலோசகர்களை வைத்து நடத்திய ஆய்வில், கருவியின் திறனுக்கு அப்பாற்பட்டதாக வேண்டுமென்றே அமைத்த ஒரு கேள்வியில், அதைப் பயன்படுத்திய தொழில்முறை ஆட்கள் பயன்படுத்தாதவர்களைவிட அதிகம் தவறினார்கள். அனுபவசாலிகளுக்கே எல்லை தெரியவில்லை. உங்கள் நடுவர் கடற்கரையில் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை விடியற்காலை ஏலம் நடக்கும் இடத்துக்குப் போய் இரண்டு பெண்களிடம் கேளுங்கள்.

அறிக்கை எழுதும்போது எந்த யோசனை யாருடையது, எது கருவியுடையது, கருவி சொன்னதில் எதை ஏன் தள்ளினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துவிடு. உங்கள் கைடு கேட்காவிட்டாலும் சேர். அந்தத் தாள்கள் நான்கையும் தூக்கிப் போடாமல் எனக்கு அனுப்பி வை. உங்களில் கடலோரத்துப் பெண் ஒருத்தி இருந்தால், அவள் தாளை முதலில் படிக்க ஆசைப்படுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்