பழைய உடற்பயிற்சிக் கருவி வாங்கும் முன்: கண், காது, மூக்கு, கை



வைட்டிலாவைச் சுற்றியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து வேலை மாற்றலாகியும் வளைகுடா நாடுகளுக்கும் குடும்பங்கள் புறப்பட்டுப் போகின்றன. அவர்கள் விற்றுச் செல்லும் சாமான்களில் டிரெட்மில்லும் உடற்பயிற்சி சைக்கிளும் இப்போது அடிக்கடி இடம்பெறுகின்றன. சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று போனால் மருத்துவர் தினமும் நடக்கச் சொல்கிறார். இங்கோ ஜூனில் தொடங்கும் மழை, துலாவர்ஷம் முடியும் வரை நம்மைச் சாலையில் நிம்மதியாக நடக்க விடுவதில்லை. ஆகவே பாதி விலையில் கிடைக்கும் பழைய கருவியை வாங்கலாமா என்று சங்கக் கூட்டங்களில் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் சோதித்து வாங்க வேண்டும். சோதிக்காமல் வாங்கிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அது நான்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய சைக்கிளை வாங்கினேன். புதிதாக அடித்த கறுப்புப் பெயின்ட் பளபளத்தது. "ஒரு குழப்பவும் இல்ல, சாரே" என்றார் விற்றவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வேயில் இரும்பைச் சோதித்தே சம்பளம் வாங்கியவன், இருக்கையின் அடியைக் குனிந்து பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் என் மனைவி மிதித்துக்கொண்டிருக்கும்போதே இருக்கைத் தண்டு வெல்டிங் ஓரத்தில் முறிந்தது. தோள்பட்டை பிசகி ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார். "ஊர் வண்டியெல்லாம் பார்த்தீங்களே, வீட்டு வண்டியைப் பார்க்கலையா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

முறிந்த இடத்தைப் பிறகு ஆராய்ந்தேன். முக்கால் பாகம் பழைய துரு. கால் பாகம் மட்டுமே பளிச்சென்ற புது முறிவு. அதாவது, நான் வாங்கும் முன்பே விரிசல் இருந்தது. பெயின்ட் அதை மூடியிருந்தது. பெரிய நிறுவனங்களுக்கும் இருக்கைத் தண்டு இடறியிருக்கிறது. 2023 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனம் சுமார் 22 லட்சம் சைக்கிள்களின் இருக்கைத் தண்டுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஓட்டும்போதே தண்டு முறிந்ததாக 35 புகார்கள் வந்திருந்தன.

ரயில்வேயில் வண்டி நிலையத்துக்குள் நுழையும்போது ஊழியர்கள் ஓரமாக நின்று ஒவ்வொரு பெட்டியையும் கவனிப்பார்கள். தொங்கும் பாகத்தைக் கண் காணும். தட்டையான சக்கரத்தைக் காது கண்டுபிடிக்கும். சூடேறிய அச்சை மூக்கும் கையும் காட்டிக் கொடுக்கும். அந்த நான்கு புலன்களே நமக்கும் போதும்.

1. கண்

பளபளப்பைப் பார்க்காதீர்கள், எடை தாங்கும் இடங்களைப் பாருங்கள். இருக்கைத் தண்டு, கைப்பிடியின் அடி, கால்களின் வெல்டிங் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் தலைமுடி போல ஒரு கோடும் அதன் ஓரத்தில் பழுப்புக் கறையும் இருந்தால், அது விரிசலாக இருக்கலாம்; வாங்க வேண்டாம். வியர்வை உப்பு நீர். கழிவறை நீர் விழுந்து தண்டவாளங்கள் அரித்ததைப் போல, பல ஆண்டு வியர்வை ஒரே இடத்தில் விழுந்து இரும்பைத் தின்னும். கொச்சியின் ஈரக்காற்றும் அதற்குத் துணை.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியது நினைவிருக்கும். பின்னரும் பெருமழையில் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆகவே பிளக்கைக் கழற்றிவிட்டு மோட்டார் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். திருகுகளின் தலையில் வண்டல், மின் பலகையில் பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு இருந்தால் கருவி நனைந்தது என்று பொருள்.

2. காது

டிரெட்மில்லை ஆளில்லாமல் ஓட்டிக் காட்டுவதை ஏற்காதீர்கள். நீங்களே ஏறி, மெதுவாகத் தொடங்கி, மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் 15 நிமிடம் நடங்கள். சீராக வரும் இரைச்சல் தவறில்லை. ஒரே தாளத்தில் 'டக் டக்' என்றால் உருளையின் பேரிங்கோ பட்டையின் இணைப்போ தேய்ந்திருக்கலாம். கால் வைக்கும்போது பட்டை ஒரு கணம் நின்று நகர்ந்தால், பட்டை தளர்ந்திருக்கிறது அல்லது மோட்டார் களைத்துவிட்டது.

3. மூக்கு

ஓடும்போது கருகிய வாசனை வந்தால் உடனே நிறுத்துங்கள். பட்டைக்கும் கீழ்ப்பலகைக்கும் இடையே எண்ணெய் வற்றியிருந்தால் உராய்வு கூடி மோட்டார் சூடாகும். அங்கே ஊற்ற வேண்டியது சிலிக்கான் எண்ணெய். தேங்காய் எண்ணெய், கிரீஸ் போன்றவற்றை ஊற்றிக் கெடுத்த கருவிகளைப் பார்த்திருக்கிறேன்.

4. கை

நடந்து முடித்ததும் மோட்டார் மூடியைத் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி; கை வைக்க முடியாத சூடு சரியல்ல. பிளக்கைக் கழற்றிவிட்டுப் பட்டையின் அடியில் கையை விட்டுத் தடவுங்கள். பலகையில் பள்ளம் தட்டினால் பலகையும் பட்டையும் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவை விலையோடு கூட்டிப் பாருங்கள். சைக்கிளில் பெடல் தாங்கும் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆடக் கூடாது. இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும். தெரியாமல் திருகி மரையைத் தேய்த்திருப்பார்கள். அந்தப் பக்கத்தைத் தனியாகச் சோதியுங்கள். எடை தூக்கும் கருவியில் கம்பிக் கயிற்றின் ஓர் இழை அறுந்திருந்தாலும் கயிற்றை மாற்றாமல் பயன்படுத்த வேண்டாம்.

பேரக்குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை

டிரெட்மில்லில் சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிவப்புச் சாவி ஒன்று உண்டு. அதை இழுத்தால் பட்டை நிற்க வேண்டும். நிற்காவிட்டாலும், சாவி தொலைந்திருந்தாலும் வாங்க வேண்டாம். 2021 மே மாதம் மேற்சொன்ன நிறுவனமே ஒரு வகை டிரெட்மில்லைத் திரும்பப் பெற்றது. அதன் அடியில் இழுக்கப்பட்டு ஒரு குழந்தை இறந்திருந்தது. நடந்து முடித்ததும் சாவியைக் கழற்றிக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கருவிக்குப் பின்னால் 6 அடி இடம் காலியாக இருக்கட்டும்.

மின்சாரமும் பெயர்த் தகடும்

தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று நம் மின்சாரத்துக்குப் பொருந்துகிறதா, எத்தனை கிலோ எடை வரை தாங்கும் என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் கருவி இங்கே நேரடியாக ஓடாது. எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் இணையுங்கள். விளம்பரத்தில் சொல்லும் உச்ச குதிரைத் திறனை நம்பாமல், தொடர்ச்சியாகத் தரும் திறனைக் கேளுங்கள். ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட். பணம் கொடுப்பதற்கு முன், அந்த மாடலுக்கு உதிரி பாகங்கள் கொச்சியில் கிடைக்குமா என்றும் தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் வேண்டியது அரை மணி நேரம். நேரமில்லை என்று விற்பவர் அவசரப்படுத்தினால், மரியாதையாக விடைபெற்று வாருங்கள். அவர்கள் மொழியில் 'குழப்பம் இல்ல' என்றால் பழுது இல்லை என்று பொருள். அதை நம் கண்ணும் காதும் மூக்கும் கையும் சொல்ல வேண்டும்.

என் மனைவி இப்போது வேறொரு பழைய சைக்கிளை மிதிக்கிறார். வாங்கும்போது இருக்கையின் அடியைக் குனிந்து பார்த்தது அவர்தான். நான் டார்ச் பிடித்தேன்.